மதச்சார்பின்மை: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலக மாடியில், குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். முகவுரையைத் தொட்டதும் பாடம் நின்றுவிடும், கேள்விகள் கிளம்பிவிடும். வருடா வருடம் முகங்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

"சார், மதச்சார்பின்மைன்னா கடவுள் இல்லைன்னு சொல்றதுதானே?"

இல்லை. கடவுள் இல்லை என்பது நாத்திகம். அது ஒரு மனிதரின் கருத்து. மதச்சார்பின்மை என்பது அரசு நடந்துகொள்ள வேண்டிய முறை. வகுப்பில் இதை விளக்க எனக்கு முன்னால் இருக்கும் மேசையைத்தான் தட்டிக் காட்டுவேன். மேசைக்கு இந்தப் பக்கம் பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்க ஒருவர் வந்து நிற்கிறார். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கலாம், தலையில் தொப்பி வைத்திருக்கலாம், கழுத்தில் சிலுவை போட்டிருக்கலாம், எதுவுமே இல்லாமலும் வந்திருக்கலாம். அது அவர் இஷ்டம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அரசு. மனுவை வாங்குவதிலோ, எண் போடுவதிலோ, முத்திரை வைப்பதிலோ அவர் யாரைக் கும்பிடுகிறார் என்பது கணக்கில் வரக் கூடாது. கீழே வரும் பல பதில்களில் இந்த மேசை திரும்ப வரும்.

அரசியல் நிர்ணய சபையிலும் இந்தக் குழப்பம் வந்தது. 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி. காமத், முகவுரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணு பிள்ளை எழுந்து எதிர்த்தார். அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். அதைச் சொல்லிக்கொண்டேதான் எதிர்த்தார். நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அவரவர் உரிமை என்று ஆன பிறகு, இது கட்டாயப்படுத்துவது ஆகாதா என்பது அவர் கேள்வி. ஓட்டெடுப்பில் ஆதரவாக 41, எதிராக 68. அந்த 68 பேரில் சாமி கும்பிடாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

"நான் வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போறவன். நான் மதச்சார்பற்றவனா இருக்கக் கூடாதா?"

தாராளமாக இருக்கலாம். பொதுக் காரியத்தில் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. உங்கள் மாலையைப் பற்றி அரசியலமைப்புக்கு ஒரு கவலையும் இல்லை.

அமைச்சராகிறவர் 'கடவுள் பெயரால்' என்றும் பதவியேற்கலாம், 'உளமார' என்றும் பதவியேற்கலாம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குப் பிறகு வரும் உறுதிமொழி ஒன்றுதான்: அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இல்லாமல் எல்லாருக்கும் சட்டப்படி நடந்துகொள்வேன் என்பது. தொலைக்காட்சியில் பதவியேற்பு பார்க்கும்போது பலரும் முதல் சொல்லைத்தான் கவனிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கடைசி வரிதான் முக்கியம்.

"'சமயச் சார்பின்மை', 'மதச்சார்பின்மை' – தேர்வுல எதை எழுதணும்?"

அரசியலமைப்பின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'சமயச் சார்பின்மை' என்று இருக்கிறது. பத்திரிகையிலும் மேடையிலும் 'மதச்சார்பின்மை' என்பதுதான் புழக்கம். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. இந்தியில் 'தர்ம நிர்பேக்ஷ்' என்று போடாமல் 'பந்த் நிர்பேக்ஷ்' என்று போட்டார்கள். தர்மம் என்ற சொல்லுக்கு அறம் என்ற பொருளும் இருப்பதால், அரசு அறத்திலிருந்து விலகி நிற்கிறது என்று யாரும் படித்துவிடக் கூடாது அல்லவா? தமிழில் 'சார்பு' என்ற சொல் நம் காரியத்தை நன்றாகவே செய்கிறது. பக்கம் சாயக் கூடாது. அவ்வளவுதான்.

"அந்த வார்த்தையே 1976-லதான் சேர்த்தாங்க. அப்போ அதுக்கு முன்னாடி நாம மதச்சார்பற்ற நாடே இல்லைதானே?"

வார்த்தை 1976-இல் வந்தது உண்மை. நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தம் வழியாக வந்தது. ஆனால் வீட்டைக் கட்டி முடித்துக் குடியேறிப் பல வருடம் கழித்துப் பெயர்ப்பலகை மாட்டுகிறோம் என்றால், அன்றுதான் வீடு கட்டினோம் என்று ஆகுமா? 1950-லிருந்தே 14, 15, 16, 25, 26, 27, 28, 30 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. மதத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 15-ஆவது பிரிவு அன்றைக்கே சொன்னது.

1948 நவம்பரில் கே.டி. ஷா முதல் பிரிவிலேயே 'மதச்சார்பற்ற, சோஷலிச' போன்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னார், அம்பேத்கர் ஏற்கவில்லை. சமூகத்தையும் பொருளாதாரத்தையும் எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும் என்றார். முக்கியமாக சோஷலிசம் என்ற சொல்லை வைத்துத்தான் அவர் வாதம் ஓடியது. அதை எடுத்து 'அம்பேத்கருக்கே மதச்சார்பின்மை பிடிக்காது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அது சரியல்ல. மேலே சொன்ன பிரிவுகளைச் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவரும் அவரேதான்.

இன்னொன்று. கேசவானந்த பாரதி வழக்குத் தீர்ப்பு 1973 ஏப்ரல் 24 அன்று வந்தது. நாடாளுமன்றமே நினைத்தாலும் மாற்ற முடியாத, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு எது என்று பட்டியலிடும்போதே மதச்சார்பற்ற தன்மையையும் தலைமை நீதிபதி சிக்ரி சேர்த்துச் சொன்னார். அதாவது அந்தச் சொல் முகவுரைக்குள் வருவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே. வழக்குப் போட்டவர் காசர்கோடு பக்கத்து எட்நீர் மடத்தின் பீடாதிபதி, ஒரு துறவி. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் உறுதியாக்கியது. சொல்லை நீக்கக் கேட்ட மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

"அமெரிக்கா, பிரான்ஸ்ல எல்லாம் மதமும் அரசும் தனித்தனி. நம்மது போலித்தனமானதுன்னு சொல்றாங்களே?"

அங்கே தனித்தனி என்பது தூரத்தில் இருந்து பார்க்கும்போதுதான். பிரான்சில் 1905 டிசம்பர் 9 சட்டம் தேவாலயத்தையும் அரசையும் பிரித்தது. ஆனால் அந்தச் சட்டப்படியே பழைய கதீட்ரல்கள் அரசின் சொத்துதான். 2019-இல் தீப்பிடித்த நோத்ர தாம் தேவாலயம் அரசுக் கட்டடம்தான். ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த அல்சாஸ் பகுதியில் இன்றுவரை அந்த 1905 சட்டம் செல்லாது. அங்கே பாதிரியார்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அமெரிக்காவில் பொதுப் பள்ளியில் அரசு எழுதிக் கொடுக்கும் பிரார்த்தனை கூடாது என்று 1962-இல் தீர்ப்பு வந்தது, ஆனால் டாலர் நோட்டில் 'கடவுளை நம்புகிறோம்' என்றுதான் அச்சாகிறது. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு.

இவையெல்லாம் போலி என்று சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொரு நாடும் எதற்குப் பயந்ததோ அதற்கு ஏற்ற வேலியைப் போட்டது. பிரான்ஸ் பயந்தது அரசியலில் கைவைத்த திருச்சபைக்கு. நம் முன்னோர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் ஒரு மதம் இன்னொன்றை மிதித்துவிடுமோ என்பது. இன்னொன்று, மதத்துக்கு உள்ளேயே ஒருவரை ஒருவர் வாசலில் நிறுத்தி வைக்கும் கொடுமை. இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டுமானால் அரசு ஒதுங்கி நிற்க முடியாது, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். நம் மதச்சார்பின்மை சிக்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

"சரி, எந்தப் பிரிவு என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லுங்க."

25: யாரும் தன் மதத்தை நம்பலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். இது குடிமக்களுக்கு மட்டும் அல்ல, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும். ஆனால் பிரிவு தொடங்குவதே 'பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு' என்றுதான். அதன் இரண்டாம் உட்பிரிவு, மதத்தோடு ஒட்டிய பணம், சொத்து, அரசியல் போன்ற உலகியல் காரியங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. பொது இந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்கிறது. 26 மதப் பிரிவுகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமை. 27, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்க வரி போடக் கூடாது. 28, பள்ளிகளைப் பற்றியது. கீழே தனியாக வருகிறது.

"ஆபீஸ்ல ஆயுத பூஜை போடுறாங்களே, அது தப்பா சரியா?"

வேலையில் இருந்த வருடங்களில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் பீரோக்களைத் தள்ளி ஒட்டடை அடிப்போம். தட்டச்சுப் பொறிக்கு, பிற்காலத்தில் கணினிக்கு, சந்தனம் குங்குமம். பிரிவுக்குப் பிரிவு வசூல் போட்டுப் பொரி, கடலை, சர்க்கரை. எங்கள் பிரிவில் இருந்த ஒரு முஸ்லிம் நண்பர் ஒட்டடை அடிப்பதில் முதல் ஆளாக நிற்பார், கற்பூரம் காட்டும் நேரத்தில் வெளியே டீக்கடைக்குப் போய்விடுவார், பிறகு வந்து பொரி வாங்கிக்கொள்வார். யாரும் அவரை 'நில்லுங்க' என்று சொன்னதில்லை. அவர் போவதை யாரும் குறையாகவும் எடுத்துக்கொண்டதில்லை.

அந்த அளவில் இருந்தால் அது ஊழியர்களின் கொண்டாட்டம், எனக்கு உறுத்தவில்லை. உறுத்திய வருடமும் உண்டு. புதிதாக வந்த ஒரு அதிகாரி, எல்லாரும் கட்டாயம் நிற்க வேண்டும், எல்லாரும் வசூல் கொடுக்க வேண்டும் என்றார். அந்த வருடம் நண்பர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது பொரி தொண்டையில் இறங்கவில்லை. பொருட்களும் ஆட்களும் போன வருடத்தவைதான். கட்டாயம் என்ற ஒன்று மட்டும் புதிது. அது வந்ததும் கொண்டாட்டம் அரசு உத்தரவாக மாறிவிட்டது. அலுவலகப் பணத்தில் நடத்தினாலும், மனுதாரர் நிற்கும் இடத்தை அடைத்து நடத்தினாலும் இதையேதான் சொல்வேன்.

"கோயிலை மட்டும் அரசு எடுத்து வெச்சிருக்கு. சர்ச், மசூதியைத் தொடலை. இது எப்படி மதச்சார்பின்மை?"

அதிகம் பேர் கேட்கும் கேள்வி, கோபத்தோடு கேட்கும் கேள்வியும் இதுதான். நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வரலாறு. 1817-இலேயே சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில் சொத்துகளை வருவாய் வாரியத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. கிறிஸ்தவ அரசு ஒன்று கோயிலை நடத்துவதா என்று மிஷனரிகள் கூச்சல் போட்டதால், 1840-களில் கையை விலக்கிக்கொள்ளத் தொடங்கியது. 1863 சட்டத்தில் முழுதாக விலகியது. பிறகு அறங்காவலர்கள் கையில் நிலமும் நகையும் என்ன ஆயின என்று பக்தர்களே புகார் சொல்லத் தொடங்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது வந்த இந்து அறநிலையச் சட்டம் அந்தப் புகார்களுக்கான பதில். 1951-இல் வாரியம் போய்த் துறை வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1959 சட்டம். சுதந்திரத்துக்குப் பின் யாரோ திடீரென்று வந்து பிடுங்கியது அல்ல.

அடுத்து, மற்ற மதங்களைத் தொடவில்லை என்பது பாதி உண்மை. வக்ஃபு சொத்துகளுக்கு 1995 சட்டப்படி வாரியம் உண்டு. பதிவு, தணிக்கை, வாரியத்துக்குப் பங்குத்தொகை எல்லாம் உண்டு. 2025 திருத்தம் அரசின் கையை இன்னும் நீட்டியிருக்கிறது. பஞ்சாபில் குருத்வாராக்களுக்கு 1925 சட்டம் இருக்கிறது. அங்கே சீக்கியர்களே ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேவாலயங்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. சபைத் தகராறுகள் நீதிமன்றம் வழியாகவே போகின்றன.

வித்தியாசம் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. கோயிலில் அரசின் கை மற்ற இடங்களைவிட ஆழமாக இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் நான் முன்பு சொன்ன இரண்டாவது பயம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு போனபோது, அவர்களுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் தேவைப்பட்டது. வாசலைத் திறந்துவிட்டது சட்டம். ஆனால் வாசலைத் திறந்த காரணத்தைக் காட்டி உண்டியல் சாவியைக் காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் கருத்து. சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையொட்டித்தான் சொன்னது: முறைகேட்டைச் சரிசெய்ய அரசு வரலாம், சரிசெய்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் கேட்பது இது: பொதுமக்கள் காணிக்கையில் நடக்கும் இடம் எந்த மதத்துடையது என்றாலும், ஒரே மாதிரி வெளிப்படையான தணிக்கை இருக்கட்டும், கணக்கு மக்கள் பார்வைக்கு வரட்டும். பூசை, தொழுகை, ஆராதனை பக்கம் அரசு போக வேண்டாம்.

"அப்போ கோயில் உண்டியல் காசை அரசு கஜானாவுக்குக் கொண்டுபோகுதா?"

ஒவ்வொரு கோயிலின் வருமானமும் அந்தக் கோயிலின் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. வருமானம் உள்ள கோயில்களிடம் நிர்வாகத்துக்கு 12 சதவீதம் வரையும், தணிக்கைக்கு 4 சதவீதம் வரையும் துறை வாங்குகிறது. இது செய்யும் வேலைக்கான கட்டணம் என்பது சட்டத்தின் வாதம். 1954-இல் சிரூர் மடம் வழக்கில் இதே மாதிரியான ஒரு வசூலை 'இது கட்டணம் இல்லை, வரி' என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். எனவே பக்தர் கணக்குக் கேட்பதில் தவறே இல்லை, சட்டமே அந்த வழியில்தான் வளர்ந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துறையின் கீழ் இருக்கும் 40,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒரு வேளை விளக்கேற்றவும் திணறுபவை. நான் வேலை பார்த்த தாலுகாவில் ஒரு சிவன் கோயில். நில ஆவணத்தில் சாமி பெயரில் பல ஏக்கர் நஞ்சை. நடையில் எண்ணெய் இல்லாத விளக்கு. குத்தகை பாக்கி எத்தனையோ வருடமாக வரவில்லை. குத்தகைதாரர்கள் எல்லாரும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான். பழி முழுவதையும் அரசு மேல் போடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"எல்லா ஜாதியும் அர்ச்சகர் ஆகலாம்னு அரசு சொல்றது மதத்துல தலையிடுறது இல்லையா?"

1970-இல் தமிழக அரசு வாரிசு அர்ச்சகர் முறையை நீக்கியது. எதிர்த்துப் போட்ட வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் காரியம், அதில் அரசு சட்டம் போடலாம். ஆனால் ஆகமம் கேட்கும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். அடுத்த ஐம்பது வருடம் முழுக்க அந்த இரண்டாவது வரிக்குள்தான் வழக்குகள் ஓடின. பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள், பிள்ளைகள் படித்து முடித்துக் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அப்படிப் பயிற்சி பெற்ற 24 பேருக்கு வேலை கிடைத்தது.

என் மனம் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. ஆகமம் படித்து, மந்திரம் சொல்லத் தெரிந்த ஒருவரைப் பிறப்பைக் காட்டித் தடுப்பது 17-ஆவது பிரிவு ஒழித்த தீண்டாமையின் வாசனை உள்ளது. ஆனால் 'ஆகமம் உண்மையில் என்ன சொல்கிறது' என்று நீதிபதி உட்கார்ந்து தீர்மானிக்கும் நிலை எனக்கும் நெருடல்தான். மதத்துக்கு எது இன்றியமையாதது என்று நீதிமன்றம் பார்க்கும் வழக்கம் அதே சிரூர் மடம் வழக்கில் தொடங்கியது. சபரிமலை வரை அதே சிக்கல்தான்.

"ஹஜ்ஜுக்கு மட்டும் மானியம் கொடுத்தாங்களே?"

கொடுத்தார்கள். பத்து வருடத்துக்குள் படிப்படியாக நிறுத்துங்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. கும்பமேளாவுக்கு அரசு செய்யும் செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பிடம், மருத்துவம் செய்து கொடுப்பது அரசின் கடமை, அது எந்த மதத்துக் கூட்டம் என்றாலும். பயணச் சீட்டுக்குப் பணம் கொடுப்பது அந்த வகையில் சேராது. ஹஜ், எருசலேம், கயிலாயம் எல்லாவற்றுக்கும் இதுவே என் பதில்.

"பள்ளிக்கூடத்துல சாமி பாட்டு பாடலாமா? ஹிஜாப் போடலாமா?"

28-ஆவது பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம், ஆனால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையையும் உட்கார வைக்கக் கூடாது. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு. தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் தமிழ்ப் பாடத்தில் இருப்பது முதல் வகை. அது இல்லாவிட்டால் தமிழ்ப் பாடமே இல்லை.

உடை விஷயத்தில் மேசையை நினைவுபடுத்துகிறேன். மாணவி மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவள். அவள் தலைத்துணியோ, இன்னொரு பிள்ளையின் உருத்திராட்சமோ அரசின் முகம் அல்ல. பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் தடை போட்டது. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். கர்நாடக வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். அறிஞர்களே பிரிந்து நிற்கும் இடம் என்பதால் வகுப்பிலும் சண்டை வரும். ஆனால் ஒரு பெண் பிள்ளை இதனால் படிப்பை விட்டால், யாருடைய நடுநிலை காப்பாற்றப்பட்டது என்று மட்டும் கேட்பேன்.

"தேசிய கீதம் பாட மாட்டேன்னு மதத்தைக் காரணம் சொன்னா விடலாமா?"

1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சகிப்புத்தன்மையை நம் மரபு கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அவர்கள் அவமதித்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அவர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

"விடியக்காலை ஸ்பீக்கர் போடுறாங்க. கேட்டா மத உரிமைங்கிறாங்க."

25-ஆவது பிரிவு எப்படித் தொடங்குகிறது என்பதை மேலே பாருங்கள். சென்னையில் ஒரு குடியிருப்புவாசிகள் பக்கத்து ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கி மேல் போட்ட வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது மத்திய அரசின் விதி. ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும், பாங்குக்கும், கன்வென்ஷன் கூட்டத்துக்கும் ஒரே விதி. ஒருவருக்கு மட்டும் காவலர் வந்து ஒயரைப் பிடுங்கினால், அங்கேதான் மதச்சார்பின்மை உடைகிறது.

"ஒரே நாடு, ஒரே சிவில் சட்டம் – அதுதானே உண்மையான மதச்சார்பின்மை?"

44-ஆவது பிரிவு அதை ஒரு குறிக்கோளாகச் சொல்கிறது. உத்தராகண்ட் 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது, பழங்குடியினரை விட்டுவிட்டு. அதாவது 'ஒரே' என்பதற்குள்ளும் விதிவிலக்கு வந்துவிட்டது. வருமான வரியில் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு என்பதை, இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பலர் யோசிப்பதில்லை.

ஒரே மாதிரியா என்பதைவிட, பெண்ணுக்குச் சமமா என்பது எனக்கு முதல் கேள்வி. தமிழ்நாடு 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. நாடு முழுக்க 2005-இல்தான் வந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு விவாகரத்தில் இருந்த அநியாயமான நிபந்தனை 2001-இல் போனது. முத்தலாக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எந்த மதமும் வேண்டாம் என்பவர்களுக்கு 1954 முதல் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்துகொண்டே வருவதும் ஒரு வழிதான். மெதுவான வழி, ஒத்துக்கொள்கிறேன்.

"மதம் மாறினா எஸ்சி சான்றிதழ் போயிடுது. இது மட்டும் சரியா?"

என்னால் நியாயம் சொல்ல முடியாத கேள்வி இது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்த மதங்களில் சாதி இல்லை என்பது எதிர்வாதம். சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நடுவே சுவர் இருந்ததை நாம் அறிவோம்.

மேசை விதிப்படி பார்த்தால், ஒரு மனிதர் பட்ட கொடுமையை அளப்பதற்கு அரசு அவர் கும்பிடும் சாமியைக் கேட்கிறது. இந்த இடத்தில் அரசு தன் சொல்லைத் தானே காப்பாற்றவில்லை. இதை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள்.

"பெரும்பான்மை நாங்கதான் சார். எங்க மதத்துக்குக் கொஞ்சம் முன்னுரிமை கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?"

கடலைத் தாண்டிப் பாருங்கள். இலங்கை அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. மற்ற மதங்களுக்கும் உரிமை உண்டு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் வாழ்வது எப்படி என்று யாழ்ப்பாணத்துச் சைவரைக் கேளுங்கள்.

மலேசியாவில் இஸ்லாம் கூட்டரசின் மதம். ஈப்போவில் ஒரு தமிழ்த் தாய். மதம் மாறிய கணவர், அவருக்குத் தெரியாமலே மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றிவிட்டார். சிவில் நீதிமன்றத்துக்கும் ஷரியா நீதிமன்றத்துக்கும் நடுவே ஒன்பது வருடம் அலைந்தார். 2018 ஜனவரியில்தான் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்று சொல்லி அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. நாம் அங்கே சிறுபான்மை, இங்கே பெரும்பான்மை. அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன கேட்கிறோமோ, அதை இங்கே அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வர வேண்டும்.

"ஸ்கூல் விண்ணப்பத்துல 'மதம்'னு ஒரு கட்டம் இருக்கே. அதை காலியா விடலாமா?"

விடலாம். பெற்றோர் விரும்பாவிட்டால் சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-இலேயே அரசாணை இருக்கிறது. 2019-இல் திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் சாதியும் மதமும் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்: இட ஒதுக்கீடு வேண்டும் என்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதை யோசித்து முடிவெடுங்கள்.

நான் எழுத்தராக இருந்தபோது ஒரு தகப்பனார் இதே பிரச்சினையோடு வந்தார். பள்ளியில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருந்தார். "ஏதாவது ஒண்ணு எழுதிடுங்க சார், பிள்ளைக்கு அப்புறம் கஷ்டம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எழுதணும்னு எந்த விதியில இருக்கு, காட்டுங்க, எழுதிடறேன்" என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. மறுநாள் வரச் சொல்லி, பதிவறையில் அரசாணைக் கட்டுகளைப் பிரித்துத் தேடியபோதுதான் அந்த 1973 ஆணை கண்ணில் பட்டது. நகல் எடுத்து அவரிடம் கொடுத்தேன். பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு நகல் என் வகுப்புப் பையில் இருக்கிறது. வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.